பனிக்குப் பணியும் பாதை

கனடாவின் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையைத் திறந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஏறக்குறைய முழுதும் இன்னும் சரளைக்கல் சாலைதான். பணக்கார நாடு, தார் வாங்கக் காசில்லை என்று சொல்ல முடியாது. அங்கே தார் நிற்காது. கறுப்புத் தளம் வெயிலைக் குடிக்கும். சூடு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பல்லாயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடக்கும் மண் இளகும். சாலை நெளிந்து, பிளந்து, சேற்றில் அமிழும். அதனால் பொறியாளர்கள் 1.2 மீட்டர் முதல் 2.4 மீட்டர் வரை கனமாகச் சரளையைக் கொட்டி, அந்த உறைமண்ணைப் போர்த்தினார்கள். கீழே இருக்கும் பனி உருகாமல் பார்த்துக்கொள்வது அந்தச் சரளையின் முதல் வேலை. வண்டியைத் தாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

மனிதன் போட்ட சாலைகளில் பெரும்பாலானவை மலையைக் குடைந்து, காட்டை வெட்டி, ஆற்றை அடக்கி, தன் இஷ்டத்துக்குப் போகின்றன. இந்த ஒரு சாலை, படைத்தவன் போட்டு வைத்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு, அதற்கு மேலேயே பணிவாக ஊர்ந்து போகிறது. அதனால்தான் இதைப் பற்றி எழுதத் தோன்றியது.

யூகான் பிரதேசத்தில், தங்க வேட்டைக்குப் பேர்போன டாசன் சிட்டிக்குக் கிழக்கே சுமார் 40 கி.மீ. தள்ளி இது பிரிகிறது. அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 740 கி.மீ. ஓடி இனுவிக் என்ற சிற்றூரை அடைகிறது. எண்ணெய் கிடைக்கும் என்ற ஆசையில் 1959-ல் தொடங்கிய வேலை, நடுவில் சில வருஷம் கைவிடப்பட்டு, 1979 ஆகஸ்ட் 18-ல்தான் திறப்பு விழாவைக் கண்டது. ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிப் போகும் கனடாவின் முதல் எல்லாப் பருவச் சாலை இதுதான். இனுவிக்கிலிருந்து இன்னொரு 138 கி.மீ. போட்டு, 2017 நவம்பர் 15 முதல் ஆர்க்டிக் கடலோரத்து டக்டோயக்டக் வரைக்கும் வண்டியிலேயே போகலாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

இதில் தனியாகப் போகிறவர்கள் நிறையப் பேர். ஏற்பாடு மட்டும் கவனமாக இருக்க வேண்டும். சாலை தொடங்கி 369 கி.மீ. தள்ளி ஈகிள் ப்ளெய்ன்ஸ் என்ற இடத்தில் ஒரு விடுதியும் ஒரு பெட்ரோல் பங்கும் உண்டு. அதற்கு முன்னால் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடைக்காது. ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். சாலையில் கிடக்கும் உடைந்த களிப்பாறைச் சில்லுகள் கத்தி முனைக்குக் குறைந்தவை அல்ல. எதிரே லாரி வந்தால் ஓரம் கட்டி நின்றுவிடுவது நல்லது. அது வாரி இறைக்கும் கல், கண்ணாடியைக் கேட்காமலே பிளக்கும். வழியின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. மழை பெய்தால் சில இடங்களில் சாலை வழுக்குச் சேறு, வெயில் அடித்தால் புழுதி.

ஆனாலும் தனியாகப் போவதே மேல் என்பேன். பக்கத்தில் ஆள் இருந்தால் பேச்சு இருக்கும், பாட்டு இருக்கும், "அடுத்து எங்கே சாப்பாடு?" இருக்கும். தனியே போகிறவர் எஞ்சினை நிறுத்திக் கீழே இறங்கினால், காதில் காற்று மட்டும் விழும். ஈ காக்கை இல்லாத வெட்டவெளி என்றுதான் முதலில் தோன்றும். பிறகு அந்த எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கொசுக்களைக் கேட்டால் அது உடனே கரையும். ஜூன், ஜூலையில் அந்த ஊர்க் கொசுவுக்கு நம் ஊர்க் கொசு கால் தூசு.

முதலில் வருவது டூம்ஸ்டோன் மலைகள். 2,200 சதுர கி.மீ. பரப்புள்ள பூங்கா அது. பழைய பனியாறுகள் அரைத்துச் செதுக்கிய கூரிய சிகரங்கள், அகன்ற பள்ளத்தாக்குகள். வடக்கு நோக்கி ஏறி, சாலையின் மிக உயரமான கணவாயைத் தாண்டினால், வண்டியில் போகும் சில மணி நேரத்திலேயே நிலம் முகம் மாறுகிறது. சிகரங்கள் கூர்மை இழந்து, உருண்டு, சாம்பல் நிறக் கற்குவியல்களாகத் தாழ்கின்றன. அங்கங்கே முதுகெலும்புபோல் பாறைத் துருத்தல்கள்.

அந்த மாற்றத்துக்குக் காரணம் கேட்டால் மலைப்பாக இருக்கும். கடைசிப் பனியூழியில் கனடா ஏறக்குறைய முழுவதும் கிலோமீட்டர் கனப் பனிப்பாளத்தின் கீழே புதைந்து கிடந்தபோது, இந்தப் பகுதியின் மேல் மட்டும் பனிப்பாளம் ஏறவில்லை. இங்கே குளிர் குறைவு என்பதால் அல்ல. தெற்கே கடலோரம் எழுந்து நிற்கும் உயர்ந்த மலைகள் ஈரக்காற்றைத் தடுத்துவிட்டன. குளிர் இருந்தது, பனி பொழிய ஈரம் இல்லை. அதனால் சைபீரியா முதல் யூகான் வரை நீண்ட ஒரு புல்வெளி பிழைத்துக்கொண்டது. கடல் மட்டம் தாழ்ந்து, ஆசியாவும் அமெரிக்காவும் தரைவழியே ஒட்டியிருந்த காலம் அது. பெரிஞ்சியா என்று அதற்குப் பெயர். ரோமயானைகளும் குதிரைகளும் காட்டெருமைகளும் மேய்ந்த பூமி. உலகத்தின் அந்தப் பாதி உறைந்து மூடப்பட்டபோது, ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தது யார் கை என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்த மேய்ச்சல் நிலத்தின் கணக்கை உறைமண் பத்திரமாக வைத்திருக்கிறது. 2022 ஜூன் 21 அன்று, டாசன் சிட்டிக்குத் தெற்கே ஒரு தங்கச் சுரங்க ஓடையில் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு ரோமயானைக் கன்றைக் கண்டார்கள். வயது ஒரு மாதம் இருக்கலாம். பெண் கன்று. தோல் இருக்கிறது, முடி இருக்கிறது, தும்பிக்கை இருக்கிறது, கால் நகம் இருக்கிறது. அது செத்து முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்த மண்ணுக்குரிய ட்ரோண்டெக் ஹ்வெச்சின் பழங்குடிப் பெரியவர்கள் அதற்கு நுன் சோ கா என்று பெயரிட்டார்கள். அந்தக் கன்றைச் சுற்றி நின்று பிரார்த்தனை செய்த பிறகே மற்ற வேலைகள் நடந்தன. ஆராய்ச்சியும் வழிபாடும் ஒரே இடத்தில் நிற்பது அபூர்வம். அங்கே நின்றன.

செத்ததைப் பாதுகாப்பது ஒன்று. உயிரோடிருப்பதை உறையவைத்துத் திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. சாலையோரத்துக் குட்டைகளில் வசந்தத்தில் வாத்து கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். அது வாத்து இல்லை, காட்டுத் தவளை. உள்ளங்கையில் அடங்கும் உடல், கண்ணருகே கறுப்புப் பட்டை. வட அமெரிக்காவில் ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பாலும் வாழும் ஒரே தவளை இனம் இது. குளிர்காலத்தில் இது ஆழமாகத் தோண்டிப் போவதில்லை. குட்டையின் அடியில் பதுங்குவதும் இல்லை. உதிர்ந்த இலைகளுக்குக் கீழே, பனிக்கு நேர் அடியில் படுத்துக்கொள்கிறது. படுத்தபடியே உறைந்துபோகிறது.

உறைவது என்றால் உண்மையாகவே உறைவது. உடலிலுள்ள நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாகிறது. தோலுக்குக் கீழே பனி, உறுப்புகளைச் சுற்றிப் பனி. மூச்சு நிற்கிறது. இதயம் நிற்கிறது. கையில் எடுத்தால் கல். தட்டினால் டக்கென்று சத்தம் வரும். நம் கணக்கில் அது பிணம்.

எப்படிப் பிழைக்கிறது? சர்க்கரையால். முதல் பனிப் படிகம் தோலைத் தொட்டதுமே ஈரல் விழித்துக்கொண்டு, சேமித்து வைத்த மாவுப்பொருளைக் குளுக்கோஸாக உடைத்து இரத்தத்தில் கொட்டுகிறது. இதயம் நிற்பதற்கு முன்னால் அதை எல்லா உறுப்புகளுக்கும் அனுப்பிவிடுகிறது. செல்களுக்கு வெளியே நீர் பனியாகும்போது, செல்களுக்குள்ளே கெட்டிப்பாகு நிறைந்து அவை நொறுங்காமல் காக்கிறது. அந்த அளவு சர்க்கரை ஒரு மனிதன் இரத்தத்தில் இருந்தால் ஆளைச் சாய்த்துவிடும். சர்க்கரை என்ற பேரைக் கேட்டாலே காலையில் எழுந்து நடக்கப் போகும் நமக்கு எமனாவது, அந்தச் சிறு தவளைக்கு அமிர்தம்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அலாஸ்காவில் தவளைகளை அவை படுத்த இடத்திலேயே கவனித்து, 2014-ல் ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி இது. இலையுதிர்காலத்தில் தவளை ஒரே இரவில் முழுதாக உறைந்துவிடுவதில்லை. இரவில் கொஞ்சம் உறைகிறது, பகலில் இளகுகிறது, மறுநாள் மறுபடி. ஒவ்வொரு முறையும் உடலில் சர்க்கரை ஏறுகிறது. பல நாள் ஒத்திகைக்குப் பிறகுதான் நிஜமான உறக்கம். அப்படித் தயாரானவை ஏழு மாதம்வரை உறைந்து கிடந்தன. சுற்றுச்சூழல் மைனஸ் 18 டிகிரிக்கு இறங்கிய பிறகும் அத்தனையும் உயிரோடு எழுந்தன. ஆய்வகத்தில் ஒரேயடியாக உறையவைத்த தவளைகளுக்கு அந்த அளவு தாங்கும் சக்தி கிடையாது. பனி மெதுவாக வரவேண்டும் என்பதும், தவளை மெதுவாகத் தயாராக வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கின்றன. எப்படி என்று அறிவியல் விளக்கிவிட்டது. விளக்கத்தைக் கேட்ட பிறகு என் வியப்பு கூடித்தான் இருக்கிறது.

தவளை உறைந்து பிழைக்கிறது. அதே மண்ணில் இன்னொரு உயிர், உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் பிழைக்கிறது. ஆர்க்டிக் தரை அணில். முகாம் மைதானங்களில் இரண்டு காலில் நின்று யாத்திரிகரின் பிஸ்கட்டைக் குறி வைக்கும் அதே குறும்புக்காரன். வருஷத்தில் ஏழெட்டு மாதம் வளைக்குள் தூங்குகிறது. அப்போது அதன் உடல் சூடு மைனஸ் 2.9 டிகிரி வரைக்கும் இறங்குகிறது என்று 1989-ல் அலாஸ்கா ஆய்வாளர் பிரையன் பார்ன்ஸ் எழுதினார். பாலூட்டி ஒன்றின் உடல் அவ்வளவு குளிர்ந்து யாரும் பார்த்ததில்லை. நம் உடல் 35 டிகிரிக்குக் கீழே போனாலே டாக்டர் பதறுவார். இந்த அணிலின் இரத்தம் உறைநிலைக்குக் கீழேயும் திரவமாகவே இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, உலுக்கி எழுப்பியதுபோல் உடல் நடுங்கத் தொடங்கி, சூடு ஏறி, ஒரு நாளுக்குள் மறுபடி தாழ்கிறது. வெளியே இருட்டு, உள்ளே கடிகாரம் கிடையாது. யார் எழுப்புகிறார்?

ஓகில்வி மலைகளைத் தாண்டும்போது சில ஓடைகள் துருப்பிடித்த செந்நிறத்தில் ஓடும். பாறையிலுள்ள இரும்பும் கந்தகமும் செய்யும் வேலை. மூக்கில் கந்தக நெடி ஏறும். அதன் பிறகு ஈகிள் ப்ளெய்ன்ஸ். பெட்ரோலை நிரப்பிக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

405-ஆவது கி.மீட்டரில் ஆர்க்டிக் வட்டம். ஒரு பலகை, ஒரு படம் எடுக்கும் இடம். பலரும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கோட்டின் பொருளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு இல்லையென்றால் பருவங்கள் இல்லை, இந்தக் கோடும் இல்லை. சாய்வின் விளைவாக, கோட்டுக்கு வடக்கே கோடையில் சூரியன் மறைவதில்லை, குளிர்காலத்தில் உதிப்பதில்லை. இனுவிக்கில் 56 நாள் அஸ்தமனமே கிடையாது. பிறகு 30 நாள் சூரியோதயம் கிடையாது. ஆனால் வருஷத்துக்கு மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள். பகல் நேரம் உலகத்தின் எல்லா ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நமக்கு நாளாந்தப் படியாகக் கிடைப்பது அவர்களுக்கு ஒரே தவணையில் கிடைக்கிறது. அங்கே குறைவது வெப்பம். சூரியன் தாழ்ந்தே வலம் வருவதால் கதிர் சாய்ந்து விழுகிறது.

சாய்ந்து விழும் அந்தக் கொஞ்சத்தையும் வீணாக்காத ஒரு பூ அங்கே இருக்கிறது. டிரையாஸ் என்று பெயர். விரலளவு உயரம்தான், தரையோடு தரையாகப் படர்ந்து, சின்னக் கிண்ணம்போல் வெள்ளை மலர் பூக்கும். அந்தக் கிண்ணம் நாள் முழுதும் சூரியனைப் பார்த்தபடியே திரும்புகிறது. இதழ்களின் வளைவு கதிர்களை நடுவில் குவிக்க, பூவின் மையம் வெளிக்காற்றைவிடச் சில டிகிரி அதிகச் சூடாகிறது. குளிரில் விறைத்த பூச்சிகள் அதில் வந்து உட்கார்ந்து காய்ந்துகொள்கின்றன. காய்ந்து முடித்துக் கிளம்பும்போது மகரந்தத்தையும் எடுத்துப் போகின்றன. அப்படி வந்து போகிறவற்றில் நாம் சபித்த கொசுவும் உண்டு. கனடாவின் வடமேற்குப் பிரதேசங்கள் இந்தப் பூவைத்தான் தங்கள் மலர்ச் சின்னமாக வைத்திருக்கின்றன. நல்ல தேர்வு.

ரிச்சர்ட்சன் மலைகளில் ஏறும் இடத்தில் காற்று லாரிகளையே சாய்த்திருக்கிறது. அந்தக் காற்று வெளியில், கற்களுக்கு இடையே கூடு கட்டும் ஒரு பறவை வீட்டியர். எடை ஏறக்குறைய 25 கிராம். இலையுதிர்காலம் வந்ததும் வட அமெரிக்காவின் பெரும்பாலான வலசைப் பறவைகள் தெற்கே திரும்புகின்றன. இது மேற்கே திரும்புகிறது. கடலைத் தாண்டி, சைபீரியா முழுவதையும் கடந்து, மத்திய ஆசியாவையும் அரேபியப் பாலைவனத்தையும் தாண்டி, கிழக்கு ஆப்பிரிக்காவில் போய் இறங்குகிறது. அலாஸ்காவில் இந்தப் பறவைகளின் உடலில் சிறு கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். ஒரு வழிக்கு மட்டும் 14,500 கி.மீ. வந்தது, 2012-ல் வெளியான கணக்கு. முதல்முறை போகும் குஞ்சுக்கு வழி சொல்ல யாரும் இல்லை.

இந்தச் சாலையின் ராஜா, சந்தேகமில்லாமல், காரிபூ என்ற பனிமான். போர்க்கியூப்பைன் மந்தை என்று அழைக்கப்படும் கூட்டத்தில் 2017 கணக்கெடுப்பின்படி 2,18,000 மான்கள் இருந்தன. ஜூன் தொடக்கத்தில் கடலோரச் சமவெளியில் கன்று ஈனுகின்றன. குளிருக்கு இந்த மலைகளுக்கு இறங்குகின்றன. டெம்ப்ஸ்டர் சாலை அவற்றின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தின் நடுவே ஓடுகிறது. மந்தை கடக்கும்போது வண்டி நிற்க வேண்டியதுதான். மணிக்கணக்காகும். நடக்கும்போது அவற்றின் கால்களிலிருந்து "டிக், டிக்" என்று ஓர் ஒலி வரும். தசைநாண் எலும்பின்மேல் நழுவும் சத்தம். பனிப்புயலில் கண் தெரியாதபோது மந்தை பிரியாமலிருக்க அந்தச் சத்தமும் துணை.

அந்த உடலை ஒவ்வொரு உறுப்பாகப் பார்க்க வேண்டும். முடி ஒவ்வொன்றும் காற்றடைத்த அறைகள் கொண்டது. குளிரையும் தடுக்கிறது, ஆற்றில் நீந்தும்போது மிதக்கவும் வைக்கிறது. குளம்பின் அடிப்பகுதி கோடையில் சதுப்பில் புதையாதபடி மெத்தென்று விரிந்திருக்கும். குளிரில் அது சுருங்கி, ஓரம் மட்டும் கூராக நின்று பனியை வெட்டிப் பிடிக்கும். கண்ணின் உட்பரப்பு கோடையில் பொன்னிறம், இருண்ட மாதங்களில் நீல நிறம். மங்கிய ஒளியை அதிகம் பிடிக்க வேண்டி நிறத்தையே மாற்றிக்கொள்கிறது. இதை 2013-ல்தான் அறிவியல் கண்டுபிடித்தது. மான் அதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கொம்பு விஷயம். மான் குடும்பத்தில் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இந்த இனத்தில் மட்டும்தான். கிடாக்கள் இணைசேர்ந்து முடிந்ததும் கொம்பை உதிர்த்துவிடுகின்றன. சினையாக இருக்கும் பெட்டைகள் கன்று ஈனும்வரை வைத்துக்கொள்கின்றன. பனியைக் காலால் தோண்டி உணவைக் கண்டுபிடித்த தாயை, கொம்பை உதிர்த்த கிடா முட்டித் தள்ளிவிட முடியாது. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு முதல் பந்தி என்ற நியாயம், அங்கே கொம்பிலேயே எழுதியிருக்கிறது.

தோண்டி எடுப்பது என்ன? பாசி போன்ற, சாம்பல் வெள்ளையான ஒரு கற்பாசி. பூஞ்சையும் பாசியும் ஓருடலாகச் சேர்ந்து வாழும் கூட்டு. செட்டிநாட்டுச் சமையலில் தாளிக்கப் போடுகிறோமே கல்பாசி, அதன் உறவுக்காரன். நமக்கு அது வாசனைக்கு ஒரு சிட்டிகை. காரிபூவுக்கு அதுவே குளிர்காலச் சோறு. பிற மிருகங்களுக்கு எளிதில் செரிக்காத அந்தப் பொருளைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதன் வயிற்றில் குடியிருக்கின்றன. கற்பாசி வளர்வதோ வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர். ஒரே இடத்தில் மேய்ந்துகொண்டே இருந்தால் தீர்ந்துவிடும். மந்தை ஓயாமல் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த மானை நம்பி வாழ்பவர்கள் குவிச்சின் மக்கள். கன்று ஈனும் இடத்தைப் புனித பூமியாக வைத்திருக்கிறார்கள். அங்கே எண்ணெய் தோண்டக்கூடாது என்று பல பத்தாண்டுகளாக வாஷிங்டன்வரை போய் வாதாடுகிறார்கள். நிலத்தை அவர்கள் எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்பதற்கு இந்தச் சாலையின் பெயரே சாட்சி. 1910 டிசம்பர் 21 அன்று இன்ஸ்பெக்டர் பிரான்சிஸ் ஃபிட்ஜெரால்டு தலைமையில் நான்கு பேர் கொண்ட போலீஸ் ரோந்து, ஃபோர்ட் மெக்ஃபர்சனிலிருந்து நாய்வண்டிகளில் டாசனுக்குக் கிளம்பியது. வழியில் ஈசா ஜார்ஜ் என்ற குவிச்சின்காரர் சில நாள் வழிகாட்டினார். இனி நாமே போய்விடலாம் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்ப வேண்டிய ஓடை அவர்களுக்குத் தெரியவில்லை. உணவு தீர்ந்து, நாய்களையே தின்று, திரும்பி வரும் வழியில் நால்வரும் மாண்டார்கள். ஃபிட்ஜெரால்டு விழுந்த இடத்திலிருந்து ஊர் சுமார் 40 கி.மீ.தான். மார்ச் மாதம் அவர்களைத் தேடிப் போய் உடல்களைக் கண்டவர் கார்ப்பொரல் டெம்ப்ஸ்டர். அவருடன் சார்லி ஸ்டூவர்ட் என்ற பழங்குடி வழிகாட்டி போயிருந்தார். பெயர் டெம்ப்ஸ்டருக்குக் கிடைத்தது. வழிகாட்டிகள் பெயரில் சாலை இல்லை.

பீல் ஆற்றையும் மெக்கன்சி ஆற்றையும் கடக்கப் பாலம் கிடையாது. கோடையில் வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகு, கட்டணம் இல்லை. குளிரில் ஆறு உறைந்த பிறகு அந்தப் பனியின் மேலேயே லாரிகள் ஓடும். இரண்டுக்கும் நடுவே, பனி பிடிக்கும் வாரங்களிலும் விடும் வாரங்களிலும், படகும் இல்லை, பனிப்பாலமும் இல்லை. சாலை அறுந்து கிடக்கும். ஊர்க்காரர்கள் அதற்கேற்ற மளிகையை முன்பே வாங்கி வைத்துக் காத்திருக்கிறார்கள்.

இனுவிக் ஊரே உறைமண்ணுக்குப் பயந்து கால் ஊன்றி நிற்கிறது. வீடுகள் தூண்களின் மேல். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் மண்ணுக்கடியில் போகாமல் தரைக்கு மேலே பெட்டிகளில் போகின்றன. அங்கே பனிவீட்டு வடிவத்தில் வெள்ளைக் கத்தோலிக்க ஆலயம் ஒன்று உண்டு. 2010-ல் வின்னிபெக்கில் கட்டி, லாரியிலும் பிறகு மெக்கன்சி ஆற்றில் தெப்பத்திலும் ஏற்றி, சுமார் 4,000 கி.மீ. கடந்து கொண்டுவந்து நிறுத்திய ஒரு சிறு பள்ளிவாசலும் உண்டு. முப்பது நாள் இருட்டிலும் இரண்டிலும் விளக்கு எரிகிறது.

சாலையின் கடைசியில், டக்டோயக்டக்கில், தட்டையான சமவெளியில் திடீரென்று குன்றுகள் எழுந்து நிற்கின்றன. பிங்கோ என்று பெயர். அந்தத் தீபகற்பத்தில் இவை சுமார் 1,350. மண் குன்று என்று நினைக்கத் தோன்றும். உள்ளே இருப்பது பனிக்கட்டி. ஓர் ஏரி வடிந்துவிடுகிறது. அதன் தண்ணீருக்கு அடியில் அதுவரை உறையாமல் இருந்த ஈரமண்ணைச் சுற்றிலும் உறைமண் நெருக்கத் தொடங்குகிறது. போக இடமில்லாத நீர் மேலே அழுத்துகிறது, உறைகிறது, தரையைத் தூக்குகிறது. வருஷத்துக்குக் கொஞ்சம், ஆயிரம் வருஷத்துக்கு ஒரு குன்று. இப்யுக் என்ற பிங்கோ 49 மீட்டர் உயரம். இன்னும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 செ.மீ. வளர்கிறது. ஜே. ராஸ் மெக்கே என்ற கனடிய புவியியல் அறிஞர் இவற்றை அளப்பதிலேயே பல பத்தாண்டுகளைச் செலவிட்டார். கடல்வெளியில் திசை தெரியாத, இனுவியாலுயிட் என்ற அந்தக் கடலோரப் பழங்குடி வேட்டைக்காரர்களுக்கு இந்தக் குன்றுகளே கலங்கரை.

அந்தப் பனியும் இப்போது பத்திரமாக இல்லை. பூமி சூடாக, உறைமண் இளகுகிறது; டெம்ப்ஸ்டர் சாலையில் சரிவுகளும் பள்ளங்களும் கூடுகின்றன; டக்டோயக்டக்கில் கடல் கரையைத் தின்ன, ஓர வீடுகள் சிலவற்றை உள்ளே தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. அங்கே வாழ்பவர்கள் எரித்த பெட்ரோல் மிகக் குறைவு. எரித்தவர்கள் நாமெல்லாம். படைத்தவன் அளந்து வைத்ததை அளக்காமல் கலைத்துவிட்டோம் என்பதே என் தீர்ப்பு.

போகிற எண்ணம் இருப்பவர்களுக்கு: தூந்திரா சிவந்து நிற்கும் ஆகஸ்ட் கடைசி வாரமே நல்லது, கொசுவும் அடங்கியிருக்கும். வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால் சரளைச் சாலைக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தரை அணிலுக்குப் பிஸ்கட் போடாதீர்கள். மந்தை சாலையைக் கடக்கக் கண்டால் எஞ்சினை நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். முக்கியமாக, முதலில் வரும் மான்களை மறிக்காதீர்கள். குவிச்சின் பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதும் இதைத்தான். முதல் மான்கள் எந்த வழியில் போகின்றனவோ, அந்த வழியில்தான் பின்னால் வரும் கூட்டம் போகும்.